யாருடைய நாடு? – அடைக்கலம் கேட்கும் குடிமகனை வாசித்தல்

2013 ஜூன் 30 தேதியிட்ட ஒரு கடிதம் மாஸ்கோவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு வந்து சேர்ந்தது. எட்வர்ட் ஸ்நோடென் என்ற அமெரிக்கக் குடிமகன் அடைக்கலம் கேட்டிருந்தார். தன் அரசாங்கம் உலகத்தின் தொலைபேசிப் பேச்சையும் மின்னஞ்சலையும் எப்படி அள்ளிச் சேர்க்கிறது என்பதற்கான ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்துவிட்டு, ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு, மாஸ்கோ விமான நிலையத்தில் முடங்கிக் கிடந்தவர். டில்லி இரண்டே நாளில் பதில் சொல்லிவிட்டது. பரிசீலித்தோம், ஏற்க ஒரு காரணமும் தென்படவில்லை என்பது அதன் சாரம்.

அந்த நாட்களில் மதுரையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இடதுசாரித் தோழர்கள் உட்படப் பலருக்கும் முதலில் வந்தது சிரிப்புத்தான். 'அமெரிக்காக்காரன் எப்படிய்யா அகதியாவான்? அவனுக்கென்ன கேடு?' இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் டில்லி சொன்ன பதிலுக்கும் நம்முடைய சிரிப்புக்கும் அடியில் இருப்பது ஒரே அனுமானம். பணக்கார ஜனநாயக நாடு ஒன்றின் குடிமகனுக்குப் போக்கிடம் ஏற்கெனவே இருக்கிறது, அவன் இன்னொரு கதவைத் தட்டுவது ஒன்று பகட்டு, இல்லையென்றால் மோசடி. இந்த அனுமானம் அமெரிக்கனை மட்டும் வெளியே தள்ளவில்லை. மேலூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போகிறவனை வெளியே தள்ளுவதும் இதுதான் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். அகதி என்றால் கதியற்றவர். நம் மொழியில் இந்தச் சொல் இல்லாமையால் ஆனது. வறுமையின் வாடை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை என்ற பிரதியோ வறுமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது கேட்பது பயத்தை. ஆதாரமுள்ள பயம் இருக்க வேண்டும். அந்தப் பயம் இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவில் அங்கம், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றால் வர வேண்டும். சொந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாமலோ, அந்தப் பயத்தாலேயே பெற விரும்பாமலோ ஒருவர் அந்த நாட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பட்டினி கிடப்பவன் இந்தப் பிரதிக்குள் நுழைய முடியாது. கோடீஸ்வரன் நுழையலாம். ஆகவே எழுத்தளவில் அமெரிக்கன் அகதியாவதற்கு எந்தத் தடையும் இல்லை. சிரித்தவர்கள் தமிழ்ச் சொல்லை வைத்துச் சிரித்தார்கள்.

இந்தக் கணக்குப்படி நம்முடைய கோவலன் தேறமாட்டான் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடலாம். புகாரில் அவனை யாரும் துரத்தவில்லை. செல்வத்தைத் தொலைத்துவிட்டுச் சிலம்பை முதலாக வைத்துப் பிழைக்க மதுரைக்கு வந்தவன். இன்றைய அதிகாரிகளின் பாஷையில் 'பொருளாதாரக் குடியேறி'. ஆனால் காப்பியம் அந்தக் காதைக்கு 'அடைக்கலம்' என்றே பெயர் வைக்கிறது. புறஞ்சேரியில், இயக்கிக்குப் படைத்துவிட்டுத் திரும்பும் ஆயர்குலத்து மாதரியிடம் கவுந்தி கண்ணகியை ஒப்படைக்கிறாள். மாதரி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. விசாரிக்க வேண்டிய இடத்தில் இருந்த அரசன் விசாரிக்காமல் கொன்றான். அடைக்கலம் காக்க முடியாமல் போன மாதரி தீயில் விழுந்தாள். நம் மரபில் அடைக்கலம் என்பது அரசின் சலுகையாக இல்லாமல், விளிம்பில் இருந்த ஒரு பெண்ணின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது தமிழ் படித்த எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதற்கு மேல் இதை இழுத்தால் பழம்பெருமையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

நவீன சட்டத்துக்கு வருவோம். எழுத்தில் இல்லாத தடை தீர்ப்புகளில் வந்து சேர்ந்தது. 1993இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் வார்ட் என்பவரின் வழக்கில் சொன்னது இன்றுவரை பல நாடுகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. வார்ட் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஆயுதக் குழு ஒன்றில் இருந்தவர். பிணைக்கைதிகளைக் காவல் காக்கச் சொன்னார்கள்; அவர்களைக் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தப்பவிட்டார். குழு அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவரைத் துரத்தியது அரசு அல்ல, அவருடைய ஆட்களே. நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, துன்புறுத்துபவர் அரசாங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அரசால் காப்பாற்ற முடியாமல் போனாலே போதும். இது நல்ல வாசல். இரண்டாவது, அரசு முற்றாகக் குலைந்துபோன நிலை இல்லாதவரை அது தன் குடிமக்களைக் காக்கும் என்றே அனுமானிக்க வேண்டும். இல்லை என்பவர் தெளிவான சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும். இது அதே வாசலுக்குப் போட்ட பூட்டு. மூன்று வருஷம் கழித்து, 1996இல், இஸ்ரேல் குடிமக்களின் வழக்கொன்றில் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது: நாடு எந்த அளவுக்கு ஜனநாயகமோ அந்த அளவுக்கு மனுதாரரின் நிரூபணச் சுமையும் கூடும்.

இந்தத் தர்க்கத்தின் உச்சத்தை 2007இல் பார்க்கலாம். ஈராக் போருக்குப் போக மறுத்து ஓடிவந்த அமெரிக்கச் சிப்பாய் ஜெரமி ஹின்ஸ்மன், அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். அமெரிக்கா ஜனநாயக நாடு. அங்கே ராணுவ நீதிமன்றம் உண்டு, மேல்முறையீடு உண்டு. அங்குள்ள எல்லாப் படிகளையும் ஏறிப் பார்த்துவிட்டா இங்கே வந்தாய் என்பதே கேள்வி. வியட்நாம் போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் கனடாவுக்குள் போய்த் தங்கியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அகதிகளாகப் போகவில்லை, குடியேறிகளாகப் போனார்கள். அந்தக் கதவு இருந்தவரை 'அகதி' என்ற சொல்லின் உதவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இங்கே 'ஜனநாயகம்' என்ற சொல் என்ன வேலை செய்கிறது? நாம் அதைக் குடிமகனின் கையிலுள்ள ஆயுதம் என்று படித்திருக்கிறோம். புகலிடச் சொல்லாடலில் அது அரசின் கையிலுள்ள கேடயமாகிவிடுகிறது. நாட்டின் பிரதி, அதாவது அதன் அரசியல் சட்டமும் தேர்தலும் நீதிமன்றங்களும், ஒரு தட்டில் வைக்கப்படுகிறது. அடிபட்டவரின் வாய்மொழி மறுதட்டில். முதல் தட்டு எப்போதுமே கனம்.

இப்போது மதுரைக்கு வடகிழக்கே ஒரு மணி நேரப் பஸ் பயணம். மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் வேட்பு மனுக்கள் வாபஸாயின, வாக்குப்பெட்டிகள் சூறையாடப்பட்டன, கடைசியில் போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு ஊர் திரும்பும்போது, பஸ்ஸை மறித்து, அவரையும் உடன் இருந்தவர்களையும் வெட்டினார்கள். ஆறு பேர் செத்தார்கள். முருகேசனின் தலை தனியாக எடுத்துச் செல்லப்பட்டது.

ஒரு கற்பனை செய்து பார்ப்போம். ஜூன் 29 அன்று முருகேசன் டொரண்டோ விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கேட்டிருந்தால்? பயம் எந்தக் காரணத்தால் என்பதில் சிக்கல் இருந்திருக்காது. சாதி அந்த ஐந்தில் பெயராக இல்லையென்றாலும் 'சமூகக் குழு'வில் அடங்கும். தலைவர் பதவியை விடமாட்டேன் என்று நின்றது அரசியல் கருத்து. சிக்கல் அடுத்த கேள்வியில்தான். உங்கள் நாட்டில் தீண்டாமை சட்டப்படி குற்றமா? ஆமாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதா? 1989லிருந்து இருக்கிறது. இட ஒதுக்கீடு? அதனால்தானே தலைவரானேன். போலீஸ் காவல் தந்ததா? தேர்தலன்று தந்தது. கலெக்டரைப் பார்க்க முடியுமா? முடியும், நாளைக்குக் கூடப் போக வேண்டும். ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் அவருக்கு எதிரான சான்று. 'அரசின் பாதுகாப்பு கிடைக்கிறது, மனு தள்ளுபடி.'

அதற்குப் பின் நடந்ததையும் அதே கோப்பில் சேர்க்கலாம். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அடுத்து வரும் மேலவளவுக்காரரின் மனுவை நிராகரிக்க இதைவிடச் சிறந்த ஆவணம் கிடைக்காது. செத்தவரின் வழக்கே அரசின் திறமைக்குச் சாட்சி. மூன்று பேர் 2008இலும் 13 பேர் 2019 நவம்பரிலும் முன்கூட்டி விடுதலை செய்யப்பட்டார்கள் என்ற செய்தி அந்தக் கோப்பின் எந்தப் பக்கத்தில் வரும் என்பது வேறு விஷயம். காப்பாற்ற எடுத்த முயற்சி போதுமா, தரையில் பலன் தெரிய வேண்டுமா என்ற விவாதம் கனடிய நீதிமன்றங்களிலேயே தொடர்ந்து நடந்திருக்கிறது. நமக்கு அது விவாதமே இல்லை. மேலூருக்கும் மேலவளவுக்கும் நடுவில் அந்தப் பஸ் நின்ற இடம்தான் தரை.

சட்டம் 'நாடு' என்கிறபோது டில்லியை நினைக்கிறது. மேலூர் வட்டாரத்தில் நாடு என்றால் வேறு: வெள்ளலூர் நாடு, சிறுகுடி நாடு. அம்பலக்காரர்களும் நாட்டார்களும் கூடித் தீர்மானிக்கும் சாதி எல்லை. உசிலம்பட்டிப் பக்கம் பிறமலைக் கள்ளரின் எட்டு நாடுகளைப் பற்றி லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1957இலேயே நூல் எழுதினார். அந்த எட்டில் பாப்பாபட்டியும் ஒன்று. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996லிருந்து 2006வரை தனித்தொகுதித் தேர்தல் நடக்கவிடப்படவில்லை. நடந்த இடத்தில் ஜெயித்தவர் உடனேயே ராஜினாமா செய்தார். அந்தப் பத்து வருஷமும் இந்தியா ஜனநாயக நாடாகத்தான் இருந்தது. நாடாளுமன்றத் தேர்தல்கள் இந்த ஊர்களையும் சேர்த்தே நடந்தன. ஒரே நிலத்தில் இரண்டு நாடுகள். புகலிடச் சட்டம் பெரியதை மட்டும் வாசிக்கிறது.

(இதையும் சொல்லியாக வேண்டும்: இதே கள்ளர்களை வெள்ளைக்கார அரசு குற்றப் பரம்பரை என்று பதிந்தது, கைரேகைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றது. துன்புறுத்தப்பட்டவர் என்பது நிரந்தரச் சாதிச் சான்றிதழ் அல்ல.)

பெரிய நாட்டை மட்டும் வாசிக்கும் இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்த இன்னொரு கருத்தாக்கம் 'உள்நாட்டிலேயே வேறிடம்'. உன் ஊரில் ஆபத்தென்றால் உன் நாட்டிலேயே இன்னொரு ஊருக்குப் போயேன் என்கிற வாதம். இதன் வரலாற்றில் தமிழ்ப் பெயர்கள் நிறைந்திருப்பது தற்செயல் அல்ல. 1991இல் ரசரத்தினம் வழக்கு, 1993இல் திருநாவுக்கரசு வழக்கு, இரண்டும் கனடாவில். வடக்கிலிருந்து வந்த ஈழத்தமிழர்களை நோக்கி, கொழும்பில் இருந்திருக்கலாமே என்று கேட்டார்கள். ரசரத்தினம் வழக்கில் உருவான இரட்டைச் சோதனை — அந்த வேறிடத்தில் துன்புறுத்தப்படும் அபாயம் இருக்கக் கூடாது, அங்கே போகச் சொல்வது நியாயமாகவும் இருக்க வேண்டும் — இன்றும் கனடாவில் பஞ்சாபியிடமும் நைஜீரியரிடமும் பிரயோகிக்கப்படுகிறது. திருநாவுக்கரசு வழக்கின் நீதிபதிகள், குகையிலோ பாலைவனத்திலோ போய் ஒளிந்துகொள் என்று சொல்ல முடியாது என்றாவது சொன்னார்கள். பிரிட்டனில் இன்னும் மோசம். சிவகுமாரன் முதலானோர் வழக்கில் பிரபுக்கள் சபை பயம் உண்மையாக இருந்தால் போதாது, வெளியிலிருந்து அளந்தாலும் ஆதாரம் தெரிய வேண்டும் என்று 1987 டிசம்பரில் தீர்ப்புச் சொல்ல, 1988 பிப்ரவரியில் தமிழர்கள் திருப்பியனுப்பப்பட்டார்கள். போனவர்களில் சிலர் அங்கே மறுபடி அடிபட்டார்கள். 1989இல் அதே பிரிட்டனின் தீர்ப்பாளர் ஒருவர், அவர்களுக்கு அகதித் தகுதி இருந்தது, திரும்ப வரவிட வேண்டும் என்றார். பயத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது, அவர்கள் உடம்பில்.

'வேறிடம் போ' என்பது நமக்குத் தெரியாத தத்துவமா? ஊரைவிட்டுப் போவதுதான் தமிழ்நாட்டின் சேரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது. மதுரை, திருப்பூர், சென்னை. காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள், சாட்சி சொன்னவர்கள், தேர்தலில் நின்றவர்கள். அவர்களை நாம் இடம்பெயர்ந்தோர் என்கிறோம், பிழைக்கப் போனவர் என்கிறோம். எல்லையைத் தாண்டாததால் அவர்கள் அகதியும் இல்லை. போன இடத்தில் உயிரோடு இருப்பதால் அவர்களுடைய பிழைப்பே அடுத்தவரின் மனுவுக்கு எதிரான வாதம்.

நாட்டுக்குப் பதில் ஊரைப் பார் என்றால் உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். ஆதிக்கச் சாதியும் இதே மொழியைப் பேசாதா? பேசியது. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை விட்டபோது, பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள்தான் என்று சொல்லி ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தவர்கள் சுவரின் மேல்பக்கத்துக்காரர்கள். ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் போராட்டமும் நடந்தது. அடுத்த வருஷம், 2009இல், தென்னாப்பிரிக்காவிலிருந்து போன ஒரு வெள்ளையருக்குக் கனடாவின் அகதிகள் வாரியம் தகுதி கொடுத்தது. கறுப்பர்கள் தன்னைத் தாக்கினார்கள், தன் அரசு வெள்ளையனைக் காப்பாற்றாது என்பது அவர் வாதம். 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊர் அளவில் பார்ப்பதன் பலமே இங்கேதான் தெரிகிறது. உத்தப்புரத்தை டில்லியிலிருந்து பார்த்தால் இரண்டு தரப்பும் பயந்து நிற்கும் குடிமக்கள். தெருவிலிருந்து பார்த்தால் கிணறு யாருடையது, நிலம் யாருடையது, சுவர் கட்டியது யார், மலையடிவாரத்திலிருந்து நினைத்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்பக் கூடியவர் யார் என்பதெல்லாம் தெரியும்.

சரி, பணக்கார ஜனநாயகத்தின் குடிமகன் எப்படித்தான் தேறுவது? எனக்குத் தெரிந்து வழி ஒன்றே. நாடு கெட்டது என்று நிரூபிக்கப் போனால் தோற்பார். நாட்டின் சட்டத்துக்கும் தன் தெருவுக்கும் நடுவில் அந்தச் சட்டம் எந்த இடத்தில் அறுந்தது என்பதைக் காட்ட வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி ஓர் இந்தியக் குடிமகனின் வழக்கு. கரம்ஜித் சிங் சஹல் என்ற சீக்கியரை நாடு கடத்தினால் துன்புறுத்தமாட்டோம் என்று இந்திய அரசு பிரிட்டனுக்கு வாக்குறுதி கொடுத்தது. 1996 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், டில்லியின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் பஞ்சாப் போலீசின் நடத்தை அந்த வாக்குறுதிக்குக் கட்டுப்படவில்லை என்று 12க்கு 7 என்ற வாக்கில் நாடு கடத்தலைத் தடுத்தது. அது அகதித் தகுதி வழக்கு அல்ல, சித்திரவதைத் தடை பற்றியது. ஆனாலும் ஜனநாயகம் என்ற பெரிய பெயரைத் தாண்டி ஒரு காவல் நிலையத்தின் வாசல்வரை வந்து பார்த்த தீர்ப்பு.

இந்த வழியில் அமெரிக்கர்களும் இப்போது நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம், ஆண் பெண் என்ற இரண்டில் அடங்காத ஓர் அமெரிக்கரின் நாடு கடத்தலை நிறுத்தி வைத்தது. அதிகாரி பழைய நிலவரத்தை வைத்து ஆபத்தை அளந்துவிட்டார், அதற்குப் பின் அங்கே மாறியதைப் பார்க்கவில்லை என்பது காரணம். அகதி என்று அறிவிக்கவில்லை. காது கொடுத்தது, அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்தக் காதுகூடக் கிடையாது. 1997இன் ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தோடு, ஸ்பெயின் வற்புறுத்திச் சேர்த்த ஒரு பின்னிணைப்பு, ஓர் உறுப்பு நாட்டின் குடிமகன் இன்னொன்றில் அடைக்கலம் கேட்பதை ஏறத்தாழ மூடிவிட்டது. ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாகப் பார்ப்போம் என்று அறிவித்தது பெல்ஜியம் மட்டும்.

சிரித்த தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் வருகிறது. பிரான்ஸ்காரன் ஜெர்மனியில் அகதியாக முடியாது என்று ஒருவருக்கொருவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்ட அதே மனோபாவம்தான் 'பாதுகாப்பான நாடுகள்' பட்டியலாக வெளியே நீள்கிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த ஏழு நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. பட்டியலில் உள்ள நாட்டுக்காரரின் மனு அவசர அவசரமாகப் பார்க்கப்படும்; சந்தேகத்தோடுதான் திறக்கப்படும். நம் அரசுக்கு இதில் வருத்தம் இருக்க முடியாது. 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று நின்ற அரசுக்கு இது நற்சான்றிதழ். அமெரிக்கனின் மனுவைக் கேலி செய்கிறவர் இந்தப் பட்டியலுக்குத்தான் கைதூக்குகிறார்.

ஸ்நோடெனுக்குக் கடைசியில் ரஷ்யா இடம் கொடுத்தது, 2022இல் குடியுரிமையும். அது அரசுகளின் கணக்கு. அதற்கு முன்பு, 2013 ஜூனில் ஹாங்காங்கில், உலகமே தேடிக்கொண்டிருந்தபோது, அவரைத் தங்கள் நெரிசலான வீடுகளில் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தவர்கள் இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வந்து அங்கே அடைக்கலம் கேட்டுக் காத்திருந்தவர்கள். 2017இல் அவர்களுடைய மனுக்களை ஹாங்காங் தள்ளுபடி செய்தது. சிலர் 2019இலும் 2021இலும் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கே நம் பங்கு என்ன? இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆனையூரிலும் உச்சபட்டியிலும் திருவாதவூரிலும் இருப்பவர்களின் முகாமுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. அகதிச் சட்டம் ஒன்று இல்லாதவரை பெயர்தான் மாறும். அது பெரிய போராட்டம், தனியாக எழுத வேண்டியது. சின்னதாக ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் உண்மையறியும் குழுவாகப் போகிறோம், அறிக்கை எழுதுகிறோம். எங்கோ ஒரு நாட்டில் ஒரு வாரிய உறுப்பினர் 'உங்கள் அரசு உங்களைக் காக்கவில்லை என்பதற்கு என்ன சான்று' என்று கேட்கும்போது, ஊர் அளவில் பேசக்கூடிய காகிதம் அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். நம் அறிக்கைகளில் சாதி ஆதிக்கத்தின் அரசியல் பொருளாதாரம் பற்றி நாலு பக்கம் இருக்கிறது, அது தேவைதான். காவல் நிலையம் எத்தனை கிலோமீட்டர், புகார் கொடுக்கப் போனது எத்தனை மணிக்கு, எழுதி வாங்கினார்களா, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்களா, கொடுக்கவில்லை என்றால் என்ன சொல்லி அனுப்பினார்கள், அன்று பணியிலிருந்த எஸ்.ஐ. எந்த ஊர்க்காரர், கலெக்டரிடம் கொடுத்த மனுவின் நகல் யாரிடம் இருக்கிறது. இதெல்லாம் பாதி அறிக்கைகளில் இல்லை.